நிலம் எடுக்கும் சட்டமும் கட்சிக்கு வரும் பணமும்: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் வழக்கறிஞர். பெரும்பாலும் நில வழக்குகள்தான். நாடாளுமன்றத்தில் நிலச் சட்டத்தைப் பற்றியும் கட்சி நிதியைப் பற்றியும் நடந்த விவாதங்களை அவைக் குறிப்புகளிலிருந்தே படிக்கும் பழக்கம் உண்டு. இந்த இரண்டைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எண்ணூர் முதல் மண்ணடி வரை பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர்: ஐயா, சாலையை அகலப்படுத்த எங்கள் வீட்டின் முன்பக்கத்தை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. 2013 சட்டப்படி எங்கள் சம்மதம் வேண்டும், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறார்களே? எங்களை யாரும் கேட்கவில்லை.

முதலில் அந்த நோட்டீஸில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001' என்று இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் கேள்விப்பட்ட பாதுகாப்புகளில் பாதி உங்களுக்குக் கிடைக்காது. எப்படி என்று சொல்கிறேன்.

1894இல் வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டம் 2013 வரை ஓடியது. அதன் இடத்தில் வந்த 2013 சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால், நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டமானால் 70 சதவீதம். அரசு தன் சொந்தத் தேவைக்கு எடுத்தால் சம்மதம் தேவையில்லை. ஆகவே சாலைக்குச் சம்மதம் என்ற பேச்சு அந்தச் சட்டத்திலேயே கிடையாது. ஆனால் அரசுத் திட்டமானாலும் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. எத்தனை குடும்பம் பாதிக்கும், இதைவிடக் குறைவான நிலத்தில் முடிக்க முடியாதா, வேறு இடம் உண்டா என்று மக்கள் முன்னால் விசாரித்து அறிக்கை போட வேண்டும்.

அதைத்தான் தமிழ்நாடு கழற்றிவிட்டது. 2013 சட்டத்தில் 105அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நெடுஞ்சாலைகள் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 நில எடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு கொடுத்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கி, மூன்றையும் முன்தேதியிட்டு உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நிலம் எடுப்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போட்டாலும் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும்.

இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தின்படிதான். அதில் அவர்கள் கைவைக்கவில்லை. உங்கள் ஆட்சேபணையை நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

அதே பகுதியிலிருந்து இன்னொருவர்: கிராமத்தில் நாலு மடங்கு, பட்டணத்தில் ரெண்டு மடங்கு என்கிறார்கள். எங்களுக்கு வரப்போகும் தொகை சந்தை விலையில் பாதிகூட இல்லையே?

கணக்கு சரிதான், அடிப்படைத் தொகைதான் தவறு. சொல்கிறேன். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியை எடுத்து, அதன் சராசரி இன்னொரு பக்கம். எது அதிகமோ அதுதான் சட்டத்தின் கண்ணில் சந்தை மதிப்பு. நகரத்தில் அதை ஒன்றால் பெருக்குவார்கள், கிராமத்தில் இரண்டு வரை போகலாம். கட்டடம், மரம் இவற்றின் மதிப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கும் 100 சதவீதம் ஆறுதல் தொகை போடுவார்கள். அதனால்தான் நகரத்தில் இரண்டு மடங்கு, கிராமத்தில் நான்கு மடங்கு வரை என்ற பேச்சு.

எது இரண்டு மடங்கு என்பதுதான் விஷயம். நம் பக்கத்தில் முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இன்று ஒருவர் குறைத்துக் காட்டிய விலை, நாளை பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் இழப்பீட்டைக் குறைக்கிறது. அதற்கு மேல், 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்குபவருக்கு அந்த இடைக்காலம் நல்ல செய்தியாக இருந்தது. நிலம் பறிபோனவருக்கு அது நேர் நஷ்டம்.

தொகை போதாது என்று நினைத்தால், பணத்தை வாங்கும்போதே 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 2013 சட்டப்படி, ஆட்சேபணை சொல்லாமல் வாங்கியவர் பிறகு கூடுதல் கேட்டு மனுப் போட முடியாது. இந்த ஒரு வரி எழுதாமல் விட்டு உரிமை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பொறுக்காது.

எண்ணூரிலிருந்து ஒரு மீனவர்: எங்களிடம் பட்டா இல்லை, கழிமுகமும் கடலும்தான் எங்களுக்கு நிலம். நில எடுப்புச் சட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டா, அண்ணே?

உண்டு, ஆனால் அந்தக் கதவு திறக்க ஒரு நிபந்தனை இருக்கிறது.

2013 சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதை விரிவாக வரையறுக்கிறது. நிலத்தின் உரிமையாளர் மட்டும் அல்ல. வாடகைக்கு இருப்பவர், அங்கே 3 ஆண்டுகளாக வேலை செய்து பிழைப்பவர், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 1894 சட்டத்தில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மக்களவையில் 2011 செப்டம்பரில் மசோதா வைக்கப்பட்டு, சுமித்ரா மகாஜன் தலைமையிலான நிலைக்குழு பல தரப்பிடமும் கருத்துக் கேட்டு, இரண்டு ஆண்டுகள் இழுத்து, கடைசியில் 2013 ஆகஸ்ட் 29 அன்று 216 பேர் ஆதரவு, 19 பேர் எதிர்ப்பு என்று மக்களவையில் நிறைவேறியது. பட்டா இல்லாதவருக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடியவர்களின் குரல் இப்படிப்பட்ட நீண்ட பேச்சில்தான் உள்ளே நுழைய முடியும். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நிபந்தனை என்னவென்றால், யாரிடமிருந்தாவது நிலம் கையகப்படுத்தினால்தான் இந்தச் சட்டம் வேலை செய்யத் தொடங்கும். கடலில் மண் கொட்டி நிலம் உண்டாக்கினாலோ, அரசுப் புறம்போக்கைத் துறை விட்டுத் துறை மாற்றினாலோ அங்கே 'எடுப்பு' என்ற ஒன்றே நடக்கவில்லை என்று அரசு சொல்லும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தில் சுமார் 2,000 ஏக்கர் கடலிலிருந்து உண்டாக்குவதாக இருந்தது. அந்தக் கடலில் வலை போடுகிறவருக்கு 2013 சட்டம் நேரடியாகக் கைகொடுக்காது. அங்கே உங்களுக்கு இருக்கும் கருவிகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடத்த வேண்டிய பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டமும்தான். அந்தத் திட்டத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை என அறிவிக்கப்பட்டு, இரண்டுமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. உங்கள் ஊர்களில் இருந்து எழுந்த எதிர்ப்பு இல்லாமல் அது நடந்திருக்காது.

அப்புறம், இன்னொரு சட்டத்தையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023'. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்தை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்தால், அதற்குள் வரும் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற அரசு நிலங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. நீரின் போக்கும் கொள்ளளவும் குறையக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அதை ஒரு நிபுணர் குழு பார்க்கும். நீர்நிலையை நம்பிப் பிழைப்பவர்களை நேரடியாகத் தொடும் இந்தச் சட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமலே நிறைவேறியது. அன்றைக்கே நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்குத் தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. நீர்நிலைகளுக்காகக் கொதித்தெழ அன்று ஆள் குறைவாக இருந்தார்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், எண்ணிக்கை இருக்கும் கட்சி நினைத்தது நடக்கத்தான் போகிறது. நாடாளுமன்ற விவாதத்தால் என்ன பயன்?

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

2014 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. பாதுகாப்பு, ஊரக உள்கட்டமைப்பு, குறைந்த விலை வீடுகள், தொழில் வழித்தடங்கள், உள்கட்டமைப்புத் திட்டங்கள் என்ற ஐந்து வகைக்குச் சம்மதமும் தேவையில்லை, சமூகத் தாக்க மதிப்பீடும் தேவையில்லை என்று ஆக்கும் வழி அதில் இருந்தது. அந்த ஐந்துக்குள் எதைத்தான் அடக்க முடியாது? 2013 சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக ஒரு வருடம் முடியும் நாள் அது. மக்களவையில் ஆளும் தரப்புக்கு எண்ணிக்கை இருந்தது. 2015 மார்ச் 10 அன்று, அரசே கொண்டுவந்த ஒன்பது திருத்தங்களோடு அங்கே நிறைவேறியது. மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லை. அங்கே மசோதா நகரவில்லை, வெளியே விவசாயிகளும் தெருவுக்கு வந்தார்கள். அவசரச் சட்டத்தை ஏப்ரலில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை மறுபடி போட்டார்கள். மசோதா எஸ்.எஸ். அலுவாலியா தலைமையிலான கூட்டுக்குழுவுக்குப் போனது. 2015 ஆகஸ்ட் 31 அன்று அவசரச் சட்டம் காலாவதியாக, அரசு அதை விட்டுவிட்டது. தனிப் பெரும்பான்மை உள்ள அரசு பின்வாங்கியது.

பிறகு அது மாநில வழியாக வந்தது என்பதும் உண்மை. குஜராத் 2016இல், தெலங்கானா 2017இல் தங்கள் திருத்தங்களைக் கொண்டுவந்தன. தமிழ்நாடு அதற்கு முன்பே 105அ போட்டுவிட்டதை மேலே சொன்னேன். டெல்லியில் ஊடக வெளிச்சத்தில் தடுக்கப்பட்டதை மாநிலங்களில் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார்கள்.

ஆக, எங்கே பேச நேரம் கிடைத்ததோ அங்கே நமக்கு ஒரு பாதுகாப்பு மிஞ்சியது. எங்கே பேச்சே நடக்கவில்லையோ அங்கே ஒன்று பறிபோனது. இருபது வருடச் சட்டங்களை வரிசையாகப் படித்தபின் எனக்கு வந்திருக்கும் உறுதியான எண்ணம் இது. விவாதம் ஓட்டின் எண்ணிக்கையை மாற்றாமல் போகலாம். சட்டத்தின் வாசகத்தை மாற்றுகிறது. நீதிமன்றத்தில் உங்கள் வீட்டைக் காப்பாற்றுவது அந்த வாசகம்தான்.

மண்ணடியில் கணக்கு எழுதும் ஒருவர்: தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதன் உள்விவரத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள். நிறுவனங்கள் கட்சிக்குப் பணம் கொடுப்பது எப்போதிலிருந்து சட்டப்படி சரி?

நீங்கள் கணக்கு பார்ப்பவர் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

1957இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சாக்ளா முன் இந்தக் கேள்வி வந்தது. டாடா எஃகு நிறுவனம் கட்சி நிதிக்குப் பணம் கொடுக்கத் தன் அமைப்பு விதியை மாற்ற அனுமதி கேட்டது. சட்டத்தில் தடை இல்லை என்பதால் அனுமதித்தார்கள். ஆனால் இது வளர்ந்தால் மக்களாட்சியையே நெரித்துவிடும் என்ற பொருளில் எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதினார். 1969இல் நாடாளுமன்றம் நிறுவன நன்கொடையை முழுதாகத் தடை செய்தது. 1985இல் தடையை எடுத்து, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 5 சதவீதம் என்று வரம்பு போட்டது. 2013 நிறுவனச் சட்டம் அதை 7.5 சதவீதமாக்கியது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டும்.

2017 நிதிச் சட்டம் இதை எல்லாம் ஒரே வீச்சில் புரட்டியது. வரம்பு போனது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம், எந்தக் கட்சி என்று கணக்கில் சொல்ல வேண்டியதில்லை. நஷ்டக் கணக்கு காட்டும் நிறுவனத்திடம் நன்கொடைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களைப் போன்ற ஒருவர் முதல் நாளே கேட்டிருப்பார். வங்கியில் பத்திரமாக வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டம் 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் ஸ்டேட் வங்கி மட்டும் விற்கும். முதல் விற்பனை அந்த மார்ச்சில் நான்கே ஊர்களில் நடந்தது. அதில் சென்னையும் ஒன்று. பத்திரத்தை 15 நாளுக்குள் கட்சி பணமாக்க வேண்டும். கொடுத்தவர் பெயர் வங்கிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மத்திய அரசுக்குச் சொந்தமான வங்கி அது என்பதை மறக்காதீர்கள்.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இதை ரத்து செய்தார்கள். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் பேச்சு, கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் உரிமை என்றார்கள். நிறுவன நன்கொடைக்கு வரம்பை நீக்கியதும் செல்லாது என்றார்கள். விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. நீதிமன்றம் மறுத்தது. சில நாளில் எல்லாம் வெளியே வந்தது. தேர்தலுக்குப் பிறகு வந்திருந்தால் அந்தத் தகவலால் நமக்கு என்ன பயன்?

பெரம்பூரிலிருந்து ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர்: 2017இல் மாநிலங்களவை ஏன் இதைத் தடுக்கவில்லை?

முயன்றது. ஆனால் கட்சி நிதி மாற்றங்களை நிதி மசோதாவோடு சேர்த்துப் பண மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். பண மசோதாவில் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். 2017 மார்ச் 29 அன்று அந்த அவை ஐந்து திருத்தங்களை ஓட்டெடுத்து நிறைவேற்றியது. நிறுவன நன்கொடைக்கு வரம்பு வேண்டும், பெயர் வெளியிட வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது. மறுநாளே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. அவ்வளவுதான் நடந்தது. நிலச் சட்டத்தை 2015இல் நிறுத்திய அதே அவை, இரண்டே வருடத்தில் கை கட்டப்பட்டு நின்றது. எந்தக் கதவு வழியாக ஒரு மசோதா வருகிறது என்பதைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: எங்கள் தொகுதியை ஊரே கேவலமாகப் பேசியது. ஓட்டுக்குக் காசு வாங்கும் ஏழையைத் திட்டுகிறார்களே, கொடுக்கிறவனுக்கு எங்கிருந்து வருகிறது?

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை, பணம் விநியோகிக்கப்பட்டதால் தேர்தல் ஆணையம் மூன்று நாள் முன்னால் ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்றுதான் மறுபடி நடந்தது. அந்தச் சமயத்தில் தொகுதியின் மக்களை வைத்து எத்தனை கேலிப் பேச்சுகள்! தேதிகளைக் கவனியுங்கள். இங்கே ஓட்டுக்குக் கொடுத்த காசுக்காகத் தேர்தல் ரத்தான அதே பத்து நாளில்தான், டெல்லியில் கோடிக்கணக்கில் பெயர் சொல்லாமல் கொடுக்கலாம் என்ற சட்டம் நிறைவேறி முடிந்தது. வண்டி வண்டியாகப் பேசியவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், மக்களவைக்கு 95 லட்சம். 2022 முதல் இதுதான் நம் மாநிலத்துக்கான வரம்பு. ஆனால் கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரத்துக்கு வரம்பே இல்லை. வேட்பாளருக்கு வேலி போட்டுவிட்டுக் கட்சிக்குப் புறவாசலைத் திறந்துவைத்திருக்கிறார்கள். கட்சிச் செலவுக்கு வரம்பு வராமல், கையில் வாங்குகிற ஏழையைத் திட்டுவது நியாயமே இல்லை. காசு வாங்குவது சட்டப்படி குற்றம், அதை நான் மறைக்கவில்லை. கொடுப்பவரின் கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்: நீங்கள் ஒரு கட்சியை மட்டும் குத்துகிற மாதிரி இருக்கிறதே? எல்லோரும்தான் வாங்கினார்கள். கொடுத்தவர்களுக்கு நிலம் போனதா என்பதையும் சொல்லுங்கள்.

எல்லோரும் என்பது கிட்டத்தட்ட சரி. 2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை வெளியான விவரத்தில் பாஜகவுக்கு சுமார் 6,060 கோடி ரூபாய், திரிணமூலுக்கு சுமார் 1,600 கோடி, காங்கிரசுக்கு சுமார் 1,400 கோடி. திமுக தனக்கு மொத்தம் 656.5 கோடி வந்ததாகவும், அதில் 509 கோடி லாட்டரித் தொழில் செய்யும் ஃபியூச்சர் கேமிங் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து என்றும் தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. கொடுத்தவர் பெயரை வெளிப்படையாகச் சொன்ன சில கட்சிகளில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்ல வேண்டும். அதிமுகவுக்கு வந்தது சுமார் 6 கோடிதான். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரமே வேண்டாம் என்று மறுத்து, எதிர்த்து வழக்கும் போட்டது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நில எடுப்பு நோட்டீஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு நான் அளந்துதான் பேச வேண்டும். பணம் கொடுத்ததற்குப் பதிலாக இந்த நிலம் கொடுத்தார்கள் என்று எந்த நிறுவனத்தைப் பற்றியும் ஆதாரம் இல்லாமல் சொல்ல மாட்டேன். பெயரை மறைத்தால் கைமாறாகச் சலுகை கொடுக்க வழி உண்டாகும் என்பதை உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பேசியது. அப்படி நடந்ததா என்று சிறப்புக் குழு அமைத்து விசாரிக்கக் கேட்ட மனுவை 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை குடிமக்களின் தலையில் விழுந்திருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத்தின் தளத்தில் அது கிடைக்கும். நிலம் எடுக்கும் அறிவிப்பில் யாருக்காக எடுக்கிறார்கள் என்பது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நிலம் இழப்பவரிடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள்? மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது. ஒன்று குறைந்தாலும் பணம் நிற்கும். ஆறு வருடம் பத்திரத்தில் கோடிகளில் கொடுத்தவரின் பெயரைக்கூட நமக்குச் சொல்லவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: கோயில் அடிமனையில் மூன்று தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கிறோம். இதற்கும் ஏதாவது சட்டம் உண்டா?

1921ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அடிமனையில் வீடு கட்டியவருக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. 1996 திருத்தம் மத நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே கோயில் மனையில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. நியாய வாடகை எவ்வளவு என்பதில் வாதாட இடம் உண்டு. வாடகை ரசீதுகள் அனைத்தையும் பத்திரமாக வையுங்கள்.

தண்டவாள ஓரத்தில் குடியிருக்கும் ஒருவர்: புல்டோசர் வைத்து இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்ததாமே?

2024 நவம்பர் 13 தீர்ப்பு. இடிப்பதற்கு 15 நாள் முன் நோட்டீஸ் தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகிய இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் ரசீது ஆகியவற்றை வைத்து மாற்றுக் குடியிருப்புக்கு இப்போதே எழுத்தில் கேளுங்கள், அதுவும் இதே பகுதியில் வேண்டும் என்று.

மணலியிலிருந்து ஒரு இளைஞர்: இவ்வளவும் படித்துவிட்டு நாங்கள் என்ன செய்வது, அண்ணே? டெல்லியில் பேசுவதை நாங்கள் எப்படித் தொட முடியும்?

தொட முடியும் தம்பி. ஒரு மசோதா நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ போனால், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். மணலி, எண்ணூர், காசிமேடு சங்கங்களிடமிருந்து எத்தனை மனுக்கள் போகின்றன? நம் தொகுதி உறுப்பினர் எந்தக் கேள்வியை எழுப்பினார், எந்த மசோதாவில் பேசினார் என்பது நாடாளுமன்றத் தளத்தில் நாள்வாரியாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மொட்டைக் கோரிக்கையாக இல்லாமல், இந்த மசோதா, இந்தப் பிரிவு, இந்தத் திருத்தம் என்று எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் அப்படியே. 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தின் கீழ் ஏதாவது திட்டம் நம் பக்கம் அறிவிக்கப்பட்டால், மக்கள் ஆட்சேபணை சொல்ல அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். அரசிதழைப் பார்க்க உங்கள் நண்பர்களில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

கட்சிகளையும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையை விடாதீர்கள். 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று ஆணையிட்டது. எந்தக் கட்சியும் அதை ஏற்று நடக்கவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் கட்சி அந்த ஆணையை ஏற்குமா, 105அ பிரிவை நீக்க ஆதரவு தருமா? பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். மனு எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் சனிக்கிழமை மாலையில் வாருங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.